டீ ஆற்றில் மூன்று நாள், கணக்கில் வராத ஒரு மீன்

மார்ச் 14, வியாழன். அபர்டீன் வழியாக பாங்கரி

ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் பிப்ரவரியில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அது கடைசியில் என் பர்ஸில் வந்து விடிந்தது. ஸ்காட்லாந்தில் டீ ஆற்றில் வசந்தகால சால்மன் பிடிக்க மூன்று நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன், திருப்பித் தரமாட்டார்கள், பாதி விலைக்குத் தருகிறேன் போகிறாயா என்று கேட்டார். பாதி விலை என்பது நாளுக்கு 60 பவுண்டு. அன்றைக்கு நம்ம பணத்தில் ஆறாயிரத்துச் சொச்சம். நான் அம்பாசமுத்திரத்துக்காரன், இப்போது இருப்பது பிரிட்டனில். தாமிரபரணிப் படித்துறையில் மூங்கில் கம்பில் நரம்பைக் கட்டி, மண்புழு கோத்து, சல்லிக்காசு செலவில்லாமல் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவன். மீன் பிடிக்க நாள் வாடகையா என்று ஒரு வாரம் மனசு ஒப்பவில்லை. அப்புறம் ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று சரி சொல்லிவிட்டேன்.

"மீனை வீட்டுக்குக் கொண்டு வந்தா நீங்கதான் கழுவணும்" என்று மனைவி கண்டிஷன் போட்டாள். ஏப்ரல் 1க்கு முன்னால் ஸ்காட்லாந்தில் எந்த ஆற்றில் சால்மன் சிக்கினாலும் உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற சட்டம் எனக்கே ரயிலில் போகும்போது போனில் படித்துத்தான் தெரிந்தது. டீ ஆற்றில் அதற்கும் மேலே, வருஷம் முழுக்க எல்லா மீனையும் விட்டுவிடுகிறார்கள். அவளுக்கு உடனே மெசேஜ் அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்று மட்டும் பதிலாக வந்தது.

அபர்டீன் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். கோழி சைஸுக்குக் கடல்காகங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே ஒன்று, ஒரு பையன் கையில் இருந்த பையைப் பிடுங்கப் பார்த்தது. பக்கத்து பேக்கரியில் பட்டரி என்று ஒன்று 90 பென்னிக்கு வாங்கினேன். பரோட்டாவை மடித்து ஏறி மிதித்து, உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுச் சுட்டால் எப்படி இருக்கும், அப்படி. கடலுக்குப் போகும் மீனவர்களுக்காக, நாள்பட்டாலும் கெடாமல் இருக்க இப்படிச் செய்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, நான் மூன்று சாப்பிட்டேன்.

பாங்கரி அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும், பஸ்ஸில் போனேன். ஏறும்போது டிரைவர் "ஃபிட் லைக்?" என்றார். என் தொப்பையைப் பார்த்து உடம்பு ஃபிட்டா என்று கேட்கிறாரோ என ஒரு நொடி திகைத்து, "பரவாயில்லை, குறைக்கணும்" என்றேன். அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கில் அது "எப்படி இருக்கீங்க" என்று பிறகு தங்கிய வீட்டம்மா விளக்கினார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவர்களுக்கு. காலைச் சாப்பாட்டோடு ஒரு இரவுக்கு 80 பவுண்டு. ஈரச் செருப்போடு கம்பளத்தில் கால் வைக்கக்கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்கள். நல்ல மனுஷி.

மார்ச் 15, வெள்ளி. முதல் நாள்

இங்கே ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் பீட். சால்மன் பிடிக்கும் உரிமை கரை நிலத்தோடு ஒட்டியதுகூட இல்லையாம், தனிச் சொத்து, தனியாக விற்கலாம், வாங்கலாம். நிலம் ஒருவருடையது, அதன் முன்னால் ஓடும் ஆற்றின் மீன் வேறொருவருடையது. சால்மன் தூண்டிலுக்கு அரசாங்க லைசென்ஸ் எதுவும் கிடையாது, உரிமைக்காரரின் அனுமதி இருந்தால் போதும். நம் ஊரில் கண்மாய் மீன் குத்தகை பார்த்தவர்களுக்கு இதில் பாதி புரியும்.

எட்டே முக்காலுக்கு ஆற்றோரக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெளியே மைனஸ் இரண்டு டிகிரி, உள்ளே விறகு அடுப்பு. பீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு கில்லி என்று பெயர். கேலிக் மொழியில் பையன், வேலையாள் என்று பொருள். இந்தக் கில்லிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், ட்வீட் கோட்டுக்குள் டை வேறு கட்டியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிற வேலைக்கு டை! மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டைக்கு இங்கே வேடர் என்று பெயர். கில்லி, வேடர் என்று காதில் விழுந்துகொண்டே இருக்க, பாதித் தமிழில் பேசுகிற மாதிரியே இருந்தது.

வேடரை நான் ஒரு கடையில் மூன்று நாளுக்கு 45 பவுண்டுக்கு வாடகைக்கு எடுத்திருந்தேன். தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிஷத்தில் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஊசியால் குத்துவது போல ஒரு குளிர். கசிவு. ஆற்றுத் தண்ணீர் நான்கு டிகிரி. முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு கால் என் கால் மாதிரியே இல்லை.

தூண்டில் கம்பு பதினைந்து அடி. இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டும். பின்னால் மரங்கள் நெருக்கமாக இருப்பதால் நரம்பைத் தலைக்குப் பின்னே முழுசாக நீட்ட முடியாது. அதனால் நரம்பைத் தண்ணீர் மேலேயே ஒரு வளையமாகச் சுழற்றி, அந்த இழுவையை வைத்தே முன்னால் எறிகிறார்கள். ஸ்பே ஆற்றங்கரையில் பிறந்த வித்தை, பெயரும் ஸ்பே வீச்சு. காற்று ஆற்றோடு போனால் ஒரு வகை, எதிர்த்து வந்தால் வேறு வகை. மாற்றி வீசினால் முள் உங்கள் முகத்துக்குத்தான் வரும் என்று கில்லி சொல்லி முடிப்பதற்குள் என் தொப்பி ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. அவர் நாலு எட்டு வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தொப்பியைத்தானே பிடித்தது, காதை விட்டுவிட்டதே என்றார். கண்ணாடி போடச் சொல்லி ஏன் அத்தனை வற்புறுத்தினார் என்று அப்போது புரிந்தது.

ஆழமான இடத்தை எங்கள் பக்கம் கசம் என்போம். இங்கே ஒவ்வொரு கசத்துக்கும் ஒரு பெயர் உண்டு. மேல்முனையில் இறங்கி, ஒரு வீச்சு, ஓர் எட்டு கீழே, மறுபடி வீச்சு, மறுபடி ஓர் எட்டு. நல்ல இடம் என்று தோன்றினாலும் ஒரே இடத்தில் நின்றுவிடக்கூடாது, பின்னால் வருகிறவருக்கு வழி விடவேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. தாமிரபரணியில் ஒருத்தன் கெண்டை பிடித்துவிட்டால் அவன் தோள் மேலேயே ஆறு கம்பு வந்து நிற்கும்.

முள்ளில் இரை கிடையாது. மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு முடியைக் கட்டிய வில்லி கன் என்ற பொய் ஈ. ஈ என்றுதான் சொல்கிறார்கள், எந்த ஈயும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அதைவிட வேடிக்கை, கடலில் இருந்து ஆற்றுக்குத் திரும்பிய சால்மன் சாப்பிடுவதே இல்லை. இப்போது மார்ச்சில் ஏறி வரும் மீன், முட்டையிடப் போவது அக்டோபர், நவம்பரில். அதுவரை கடலில் சேர்த்த கொழுப்புதான். பட்டினி விரதம் இருக்கிற மீனுக்கு எதற்கு இரை காட்டுகிறோம் என்று கேட்டேன். கோபத்தில் கடிக்கலாம், பழைய பழக்கத்தில் கடிக்கலாம், நாற்பது வருஷமாக நானும் அதைத்தான் யோசிக்கிறேன் என்றார் கில்லி.

மதியம் குடிசையில், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன மிளகாய்ப்பொடி இட்லியைத் திறந்தால் செங்கல்லாகியிருந்தது. அடுப்பு மேல் வைத்துச் சூடாக்கினேன். கில்லி ஒன்று கேட்டு வாங்கித் தின்றார், மூக்கில் தண்ணீர் வந்தது, இன்னொன்றும் கேட்டார். இந்தியாவில் எங்கே என்றார். தெற்கே என்றதும் காவேரி தெரியுமா, அங்கே மஹசீர் பிடிக்கப் போன ஆட்களை எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்துவிட்டார். இந்த நாட்டில் ஒன்பது வருஷம் இருக்கிறேன், என் ஊரை ஒரு மீனை வைத்து அடையாளம் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

மீன்? தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி காலுறையைப் பிழிந்தபோது அரை டம்ளர் டீ ஆறு வந்தது.

மார்ச் 16, சனி. ஆலங்கட்டியும் ஒரு வெள்ளி மீனும்

காலையில் கம்பின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு ஓட மறுத்தது. பத்து வீச்சுக்கு ஒருதரம் வாயால் ஊதி, நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பதினோரு மணிக்கு ஆலங்கட்டி. பத்து நிமிஷம் கழித்து வெயில். மறுபடி பொடிப்பனி. ஒரே காலைப் பொழுதில் நாலு பருவம். வேடருக்குள் இடது காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு இறங்கியிருந்தேன், வீட்டம்மாவின் யோசனை. பை கசியவில்லை, ஆனால் நடக்கும்போதெல்லாம் மொறு மொறுவென்று மிக்சர் பொட்டலம் மாதிரிச் சத்தம்.

எங்கள் பீட்டில் என்னோடு யார்க்‌ஷரில் இருந்து வந்த ஒரு வயதான தம்பதி. இருபத்திரண்டு வருஷமாக இதே வாரம் இதே இடம். அந்த அம்மாள் கடைசியாக மீன் பிடித்து நான்கு வசந்தம் ஆகிவிட்டதாம். நான்கு வருஷம்! வருஷா வருஷம் பணம் கட்டி, குளிரில் நின்று, வெறுங்கையோடு போய், மறுபடி வருவது. அவர்கள் அதைச் சொன்ன விதத்தில் துளி வருத்தம் இல்லை, ஏதோ இந்த வருஷம் மாவடு சரியாகக் காய்க்கவில்லை என்பது போலச் சொன்னார்கள்.

மதியம் இரண்டு மணி இருக்கும். அவர்கள் நின்ற கசத்தில் இருந்து கூச்சல் எதுவும் வரவில்லை, கம்பு வளைந்து நிற்பதைத்தான் பார்த்தேன். ரீல் கிர்ரென்று ஓடும் சத்தம். கில்லி வலையை எடுத்துக்கொண்டு நடந்தார், ஓடவில்லை. ஓடியது நான்தான், மொறு மொறுவென்று. பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் போயிருக்கும். மீன் இரண்டு முறை கரைக்கு அருகில் வந்து இரண்டு முறையும் நரம்பை இழுத்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனது. அம்மாளின் வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, பிரார்த்தனையோ வசவோ.

வலையில் வந்ததும் கில்லி அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கவே இல்லை. ஆற்றிலேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, எதிர்ப்பல் இல்லாத முள்ளை ஒரே திருகலில் எடுத்தார். ஒன்பது ராத்தல், அதாவது நான்கு கிலோ இருக்கும் என்றார். தேய்த்து வைத்த வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி ஒரு நிறம், முதுகில் மட்டும் நீலச்சாயல். வாலுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கடல் பேன்கள், நூல் போன்ற வாலோடு. நல்ல தண்ணீரில் சில நாளில் அவை உதிர்ந்துவிடுமாம். அப்படியென்றால் இந்த மீன் கடலை விட்டு ஏறி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். கிரீன்லாந்துப் பக்கம் வரை போய் மேய்ந்துவிட்டு, தான் பிறந்த ஆற்றைத் தேடி வந்த ஜீவன். அம்மாள் அதை நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வால் ஒருதரம் அசைந்தது, கை காலியாக இருந்தது. போட்டோகூட எடுக்கவில்லை. எடுக்கட்டுமா என்று நான் போனை நீட்டியபோது மீன் போயே போய்விட்டது.

மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எனக்கும் கொடுத்தார்கள், நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. சின்னக் குப்பியில் விஸ்கி வந்தது. நான் குடிப்பதில்லை என்றதும் எந்தக் கேள்வியும் இல்லாமல் சாக்லேட் பிஸ்கட் வந்தது. நம் ஆட்களாக இருந்தால் "ஒரு வாய்" என்று உயிரை எடுத்திருப்பார்கள்.

குடிசையில் கில்லி ஜார்ஜினா பாலன்டைன் கதையைச் சொன்னார். 1922 அக்டோபர் 7, டீ இல்லை, டே என்ற வேறொரு ஆறு, அப்பாவோடு படகில் இருந்த பெண். 64 ராத்தல், 29 கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடிப் பிடித்த மீன். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த மிகப் பெரிய சால்மன் இன்றுவரை அதுதான். பெர்த் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஆனா அது டே ஆறு" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார், பக்கத்து ஊர்த் தேரைப் பற்றிப் பேசுகிற தொனியில்.

மார்ச் 17, ஞாயிறு. சட்டப்படி விடுமுறை

ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கக்கூடாது, சட்டமே அப்படி. எனக்கு ஆட்சேபணை இல்லை, தோள் இரண்டும் கழன்று விழுகிற நிலையில் இருந்தன.

காலைச் சாப்பாட்டுக்கு முட்டையோடு புகையிட்ட சால்மன் வைத்தார்கள். இது எங்கே பிடித்தது என்று அப்பாவியாகக் கேட்டேன். வீட்டம்மா சிரித்தார்கள். பண்ணை மீன், மேற்குக் கரைக் கடலில் கூண்டு வைத்து வளர்ப்பது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது 2002 முதல் ஸ்காட்லாந்தில் குற்றம். இத்தனை சால்மன் ஆறுகள் ஓடும் நாட்டில், தட்டில் இருப்பதற்கும் ஆற்றில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. சென்னை ஹோட்டல்களில் காலா மீனை இந்தியன் சால்மன் என்று போடுகிறார்களே, அதற்கும் இதற்கும்கூட உறவு கிடையாது. ஆனால் குழம்புக்குக் காலாதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பத்து மணிக்கு மேல் ஃபியூ பாலம் வரை நடந்தேன். ஃபியூ ஆறு டீயில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் பாறைகளுக்கு நடுவே கொட்டுகிறது, சால்மன் துள்ளி ஏறுவதைப் பார்க்கவே தனியாக நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் நின்றேன். ஒன்றும் துள்ளவில்லை. தண்ணீர் இவ்வளவு குளிராக இருக்கும்போது அருவி ஏற மீனுக்குத் தெம்பு இருக்காது, அது கீழேயே காத்திருக்கும் என்று நாயோடு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நாயும் என்னைப் பரிதாபமாகத்தான் பார்த்தது.

மதியம் கல்லன் ஸ்கிங்க் என்ற சூப், 9 பவுண்டு 50. புகையிட்ட ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். மீனும் பாலும் சேரக்கூடாது என்று வளர்த்த எங்கள் ஆச்சி பார்த்திருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பார்கள். மூன்று நாளில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் உருப்படியானது. மிளகு மட்டும் நம் அளவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் ஆற்றோரம் நடந்தேன். இங்கே பிறர் நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், மரியாதையாக நடந்தால் போதும், அதற்கும் ஒரு சட்டம் உண்டு. கரையில் வெள்ளை ஸ்னோடிராப் பூக்கள். ஆரஞ்சு மூக்கும் கறுப்பு வெள்ளை உடம்புமாக ஆய்ஸ்டர்கேச்சர் பறவைகள் கூழாங்கல் திட்டில் கத்திக்கொண்டிருந்தன. கடற்கரைப் பறவை, வசந்தத்தில் முட்டையிட ஆற்றோடு உள்ளே வந்துவிடுமாம். அப்போது பாருங்கள், நான் இரண்டு நாளாக விறைத்து நின்ற அதே கசத்தில், என் கால் பட்ட பாறையில் இருந்து பத்தடி தள்ளி, தடாலென்று ஒரு பெரிய மீன் எழும்பி விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் இன்னொரு தடவை. நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன்.

மார்ச் 18, திங்கள். கடைசி நாள்

குடிசைக்குள் நுழைந்ததுமே கில்லியிடம் ஞாயிற்றுக்கிழமை மீனைப் பற்றிச் சொன்னேன். எப்படித் துள்ளியது என்று கேட்டார். கையால் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

காலை முழுக்க ஒன்றுமில்லை. வீச்சு மட்டும் கொஞ்சம் படிய ஆரம்பித்தது, பத்தில் மூன்று நேராகப் போய் விழுந்தது. நரம்பு தண்ணீர் மேல் நீளமாக விரிந்து சத்தமில்லாமல் படியும்போது ஒரு சுகம் இருக்கிறது, மீனே வேண்டாம் போல இருக்கும். பொய். மீன் வேண்டும்.

நடுவில் கில்லி அக்கரையைக் காட்டினார், மான் கடிக்காமல் வேலி போட்ட சின்னச் சின்ன மரக்கன்றுகள். மேலே கிளை ஓடைகளின் ஓரமும் இப்படி நட்டுக்கொண்டே போகிறார்களாம். கோடையில் ஓடைத் தண்ணீர் சூடாகிக் குஞ்சுகள் தாங்குவதில்லை, நிழல் வேண்டும். 1952ல் கணக்கெடுக்கத் தொடங்கியதில் இருந்து பார்த்தால், 2021ல் ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டிலில் சிக்கியது 35,693தான், அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. 2023 டிசம்பரில் பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சிவப்புப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அந்த நிழலைப் பார்க்க நான் இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே என் முள்ளின் முடிச்சைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் அந்த யார்க்‌ஷர் அம்மாள் தன் முறையை, அதாவது நல்ல கசத்தை, எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். எனக்குக் கால் வலி, நீ போ என்றார்கள். கால் வலி எதுவும் இல்லை என்பது கரையில் அவர்கள் நடந்த நடையிலேயே தெரிந்தது.

மூன்றரை மணி. வீச்சு, எட்டு, வீச்சு. நரம்பு வளைந்து கரைப்பக்கம் வந்து நிற்கும்போது ஏதோ கல்லில் மாட்டியது போல நின்றது. கல் நகர்ந்தது. என் வயிற்றில் ஏதோ விழுந்தது. கம்பைத் தூக்கினேன், ரீல் ஓடியது, நான் தமிழில் கத்தினேன், என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. கில்லி பக்கத்தில் வந்து நின்று, கம்பை நிமிர்த்து, ஓடினால் விடு, நின்றால் சுற்று என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தே நிமிஷம். வலைக்குள் வந்துவிட்டது. நீளமான மீன், வெள்ளையாகத்தான் இருந்தது.

கில்லி குனிந்து பார்த்துவிட்டு "கெல்ட்" என்றார்.

கெல்ட் என்றால் போன நவம்பர், டிசம்பரில் முட்டையிட்டு முடித்துவிட்டு, செத்துப்போகாமல் தப்பித்து, கடலுக்குத் திரும்பிப் போகிற மீன். தலை மட்டும் பெரிதாக, வயிறு ஒட்டி, வால் ஓரமெல்லாம் தேய்ந்து, செவுளைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஒட்டுண்ணிகள். பாதிக்கு மேல் செத்துவிடும், மறுபடி ஆற்றுக்கு ஏறி வருவது மிகச் சிலதான். ஏறக்குறைய ஒரு வருஷமாகச் சாப்பிடாத மீன். அதனால் எதைக் காட்டினாலும் கடிக்கும், சண்டை போடவும் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை தடாலென்று துள்ளியதும் அனேகமாக இந்த வகைதான் என்றார், காலையிலேயே தெரியுமாம், சொல்ல மனசு வரவில்லையாம்.

அதை என் கையிலேயே கொடுத்து விடச் சொன்னார். வழவழவென்று, சில்லென்று, கனமே இல்லாமல். சனிக்கிழமை மீன் போல அது பாய்ந்து போகவில்லை. விரலுக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றது. எனக்குக் கை மரத்துவிட்டது, ஆனாலும் எடுக்கவில்லை. அப்புறம் கீழ்ப்பக்கமாக, கடல் பக்கமாக, மெதுவாகப் போனது.

குடிசையில் ஒரு தடிமனான நோட்டு உண்டு. தேதி, தண்ணீர் மட்டம், வெப்பம், யார், எந்தக் கசம், என்ன எடை. கெல்ட்டை அதில் எழுதுவதில்லை. என் பெயருக்கு நேரே மூன்று நாளும் பூஜ்யம். கிளம்பும்போது கில்லிக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல், கைகுலுக்கும்போது 60 பவுண்டை மடித்து உள்ளங்கையில் வைத்தேன், அவர் பார்க்காமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இரண்டு பேருக்கும் சங்கடமில்லாத ஏற்பாடு. போகிற போக்கில், இட்லிப்பொடி மிச்சம் இருக்கா என்றார். டப்பாவோடு கொடுத்துவிட்டேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். நம்மூரில் விடியக்காலை, காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, மீன் ஆப்ட்டுதா?"

"ஒண்ணு ஆப்ட்டுச்சும்மா. விட்டுட்டேன். முட்டை போட்டு முடிச்ச மீனு."

"முட்டை விட்ட மீன் சவசவன்னுல்லா இருக்கும். விட்டதே நல்லது."

மார்ச் 19, செவ்வாய். திரும்பும் வழி

வேடரைத் திருப்பிக் கொடுக்கப் போனால், இடது முழங்காலில் ஓட்டை இருக்கிறது, நீங்கள்தான் கிழித்திருக்கிறீர்கள் என்று முன்பணத்தில் 12 பவுண்டைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் நாளே கசிந்தது என்று சொன்னேன், முதல் நாளே வந்து சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்டேஷனில் மீதிச் சில்லறைக்கு நாலு பட்டரி வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் நண்பரிடமிருந்து மெசேஜ் வந்தது, எத்தனை என்று. ஒரு கெல்ட் என்று அனுப்பினேன். அப்படியானால் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. ரயில் கிளம்பி அரை மணி நேரம் கழித்து, எதிர் சீட்டில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இடது காலுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் போட்டேன்.